அத்தியாயம் 7: வரி அலுவலகத்திலிருந்து வெளியே போகும் வழிகள்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும்" என்று அரச வேலையின் பெருமை கேட்டு வளர்ந்த இலங்கைத் தமிழ்த் தலைமுறை ஒன்று 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு சுவிஸுக்கு வந்தது. உணவகச் சமையலறைகளிலும் வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் உழைத்தது. அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் 'காஃபவ்' எனப்படும் வணிகத் தொழிற்பயிற்சியை அரச நிர்வாகப் பிரிவில் முடித்து, வரி அலுவலகத்தில் நிரந்தர மேசை பெற்றபோது வீட்டில் பெருமைக்குக் குறைவில்லை. அதே பிள்ளை ஆறேழு ஆண்டு கழித்து "வேலையை விடப் போறன்" என்று சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. "ஆர் உனக்கு இந்தப் புத்தி சொன்னது?" என்று தொடங்கும் பேச்சு, மாமா வரைக்கும் தொலைபேசியில் போய்த்தான் முடியும்.

இந்த அத்தியாயம் அந்தப் பிள்ளைக்கும், அவரோடு வாதாடும் அம்மாவுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. களம் சூரிச்சின் 11ஆம் வட்டாரத்திலுள்ள ஓர்லிகோன். வரி அலுவலக அனுபவத்துக்கு விலை கொடுக்கும் இடங்களும், அந்த அனுபவத்தைப் பட்டயமாக மாற்றித் தரும் இடமும், இலவசமாக ஆலோசனைக் கையேடு எடுக்கக்கூடிய இடமும் இங்கே ஒரே ரயில் நிலையத்தைச் சுற்றி இருக்கின்றன. சுவிஸில் அரச வரி அனுபவம் தானாக எந்த உரிமமும் ஆவதில்லை. அதனால் வெளியே போகும் வேலை, ராஜினாமாக் கடிதத்துக்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பே உள்ளே இருந்தபடி தொடங்கிவிட வேண்டியது.

எந்த மேசையில் இருந்தவர்?

சுவிஸில் வரி மூன்று அடுக்கு: கூட்டாட்சி, 26 மாநிலங்கள், அவற்றின் கீழ் கெமைண்டே எனப்படும் உள்ளூராட்சிகள். ஓர்லிகோன் 1934 வரை தனிக் கெமைண்டே. அந்த ஆண்டு சூரிச் நகரோடு இணைந்ததால், இன்று அங்கே குடியிருப்பவரின் கோப்பு வேர்ட்ஸ்ட்ராஸேயில் உள்ள நகர வரி அலுவலகத்துக்குப் போகிறது. மாநில வரி அலுவலகம் ஆல்ட்ஸ்டெட்டனில், பெண்ட்லிவேக்கில் இருக்கிறது. கூட்டாட்சியின் வரி நிர்வாகம் பேர்னில். "வரி அலுவலகத்தில் வேலை செய்தவர்" என்று ஒரே பெயர் சொன்னாலும், இந்த மூன்று இடங்களிலிருந்தும் வெளியே வருபவர்களின் கைச்சரக்கு ஒன்றல்ல.

கெமைண்டேயில் இருந்தவர் மனிதர்களைக் கையாண்டவர். தவணை கேட்டு வருபவர், விவாகரத்தான ஆண்டில் படிவம் குழம்பியவர், படிவத்துக்குக் கடைசி நாளான மார்ச் 31ஐத் தாண்டிவிட்டு நீடிப்புக் கேட்பவர் என்று நாள் முழுக்க ஆட்கள். அதோடு சூரிச் மாநிலத்தில் காணி, வீடு விற்ற இலாபத்தின் மீதான வரியை விதிப்பதும் கெமைண்டேதான். ஒரு இலட்சம் பிராங்கைத் தாண்டும் இலாபப் பகுதிக்கு 40 விழுக்காடு. வாங்கி ஒரு வருடத்துக்குள் விற்றால் வரியில் பாதி கூடும். ஐந்து ஆண்டு வைத்திருந்தால் 5 விழுக்காட்டில் தொடங்கும் தள்ளுபடி, 20 ஆண்டில் 50 விழுக்காடாகும். இந்தக் கணக்கை முந்நூறு கோப்புகளில் போட்டுப் பார்த்தவரை வீடு விற்பனை நிறுவனங்களும் சொத்து நிர்வாக நிறுவனங்களும் விரும்பி எடுக்கும். இது சந்தையில் விலைபோகும் அறிவு என்று கெமைண்டே ஊழியர்கள் பலர் எண்ணுவதில்லை.

மாநில அலுவலகத்தில் 'ஸ்டொயர்கொமிஸேர்' எனப்படும் வரி ஆணையராக இருந்தவர் வேறு ரகம். சுயதொழில் செய்பவர்களின் கணக்கையும் கம்பனிகளின் ஐந்தொகையையும் வாசித்தவர். ஒரு செலவு வியாபாரச் செலவா, முதலாளியின் சொந்தச் செலவா என்று முடிவெடுத்தவர். கம்பனிகள் முன்கூட்டியே கேட்கும் விளக்கக் கோரிக்கைகளுக்கு எழுத்தில் பதில் தந்தவர். ஆலோசனை நிறுவனங்கள் தேடும் அனுபவம் இதுதான்.

பேர்னில் இருந்தவரிடம் மதிப்புக்கூட்டு வரி, 35 விழுக்காட்டு முன்பிடிப்பு வரி, முத்திரைத் தீர்வை ஆகியவை இருக்கும். 1995இல் 6.5 விழுக்காட்டில் தொடங்கிய மதிப்புக்கூட்டு வரி 2024 ஜனவரி முதல் 8.1. ஒவ்வொரு விகித மாற்றமும் ஆயிரக்கணக்கான கம்பனிகளின் பட்டியல்களையும் மென்பொருளையும் புரட்டிப்போடுவதால், கம்பனிகளுக்கு நேரில் போய்க் கணக்குச் சோதித்த கூட்டாட்சிப் பரிசோதகருக்குத் தனியார் துறையில் எப்போதும் இடம் உண்டு.

அனுபவம் இருக்கிறது, பட்டயம் எங்கே?

அண்டை நாடான ஜெர்மனியில் வரி ஆலோசகர் தொழிலுக்கு அரச உரிமம் வேண்டும். அதே சமயம், உயர்நிலை வரிச் சேவையில் நீண்டகாலம் இருந்தவருக்கு அந்த உரிமத்துக்கான பரீட்சையிலிருந்தே விலக்குக் கிடைக்கும். நடுத்தர மேல்நிலை அதிகாரிகளுக்கு 15 ஆண்டு அனுபவம் என்று சட்டம் வரையறுக்கிறது. அமெரிக்காவில் கூட்டாட்சி வரித் துறையில் தேவையான வகை வேலையை ஐந்தாண்டு தொடர்ந்து செய்தவர், பரீட்சை எழுதாமலே வரி செலுத்துவோருக்காக வாதாடும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியாவின் சரக்கு, சேவை வரிச் சட்டமும் இப்படித்தான்: தமிழக வணிகவரித் துறையில் கெசட்டட் நிலையில் குறைந்தது இரண்டாண்டு இருந்து ஓய்வுபெற்றவர் அதிகாரம் பெற்ற பிரதிநிதியாக வரி அதிகாரிகள் முன் நிற்கலாம். வெளியே வந்த நாளிலிருந்து ஒரு வருடம் மட்டும் பொறுத்திருக்க வேண்டும்.

சுவிஸில் இந்த இரண்டு பக்கமும் இல்லை. தடையும் இல்லை, சலுகையும் இல்லை. வரி ஆலோசகர் என்று கதவில் பலகை மாட்ட யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆகவே அந்தப் பலகையை வைத்து யாரும் மதிப்பிடவும் மாட்டார்கள். மதிப்பிடப்படுவது பாதுகாக்கப்பட்ட பட்டயங்கள். உச்சியில் இருப்பது கூட்டாட்சி உயர்நிலைப் பரீட்சை வழி பெறும் 'டிப்ளோம் ஸ்டொயர்எக்ஸ்பெர்ட்' என்ற வரி நிபுணர் பட்டம். அதற்குக் கீழே, பிறருக்குக் கணக்கும் வரிப்படிவமும் செய்து கொடுக்கும் ட்ரொய்ஹாண்ட் துறைக்கும் கணக்கியல் துறைக்கும் தனித்தனிக் கூட்டாட்சித் தொழிற்சான்றுகள். வரி நிபுணர் பட்டம் கணக்காய்வுக் கதவையும் திறக்கும்: ஐந்தாண்டுத் துறை அனுபவத்தோடு, கணக்காய்வு நிபுணர் அனுமதிக்கு விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது.

மாநில வரி அலுவலகங்களின் கூட்டமைப்பான சுவிஸ் வரி மாநாடு தன் ஊழியர்களுக்குப் படிப்படியான பயிற்சி நடத்துகிறது. நல்ல பயிற்சி, உள்ளே பதவி உயர அதுவே போதும். வெளியே வேலை கொடுப்பவர் முதலில் தேடுவது கூட்டாட்சிப் பட்டயத்தை. ஆகவே உள்ளே இருக்கும்போதே இரண்டாவது பாதையிலும் கால் வைப்பது உத்தமம்.

செலவு எவ்வளவு என்ற கேள்விக்கு நல்ல பதில் உண்டு. 2018 முதல், கூட்டாட்சிப் பரீட்சைக்குத் தயார்ப்படுத்தும் வகுப்புக் கட்டணத்தில் பாதியைக் கூட்டாட்சி அரசு திருப்பித் தருகிறது. தொழிற்சான்றுக்கு உச்சவரம்பு 9,500 பிராங், உயர்நிலைப் பரீட்சைக்கு 10,500. சித்தியடைந்தாரா இல்லையா என்று பார்ப்பதில்லை. பரீட்சைக்கு அமர்ந்திருந்தால் போதும். இரண்டு நிபந்தனைகளில் பலர் தவறிவிடுவார்கள்: வகுப்பு அரசின் பட்டியலில் இருக்க வேண்டும், கட்டணப் பற்றுச்சீட்டு கற்பவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். அலுவலகம் நேரடியாகக் கட்டிய பகுதிக்கு இந்தப் பணம் வராது. அலுவலகம் பங்கு கொடுத்தால் இன்னொரு காகிதத்தையும் கவனிக்க வேண்டும்: படித்து முடித்து இத்தனை காலத்துக்குள் போனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்பந்தம். போக நினைத்திருக்கும் மாதம் அந்தக் காலத்துக்கு உள்ளே விழுகிறதா, வெளியே விழுகிறதா என்று கையெழுத்திடும் அன்றே கணக்குப் பார்த்துவிடலாம்.

ஓர்லிகோன் நிலையத்திலிருந்து நடந்து

டோர்ஃப்லிஸ்ட்ராஸே 120இல் மாநிலத்தின் இளைஞர், தொழில் ஆலோசனைத் திணைக்களமும் அதன் தொழில் தகவல் நிலையமான 'பிட்ஸ் ஓர்லிகோனும்' இருக்கின்றன. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு லேரே எனப்படும் தொழிற்பயிற்சி இடம் தேடத்தான் அந்த இடம் என்று நினைக்கும் பெற்றோர் அதிகம். நாற்பது வயதில் திசை மாற்ற நினைப்பவருக்கும் அங்கே ஆலோசகர் உண்டு.

யுங்ஹோல்ட்ஸ்ட்ராஸே 43இல் கலைடோஸ் தொழில்சார் உயர்கல்லூரி. வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கான நிறுவனம் அது. வரிச் சட்டத்தில் தொடர்கல்வியும் தருகிறது. 

ரயில் பாதையின் மறுபக்கம், பழைய இயந்திரத் தொழிற்சாலைகள் நின்ற நிலத்தில் எழுந்த புதிய ஓர்லிகோன். பிர்ஹ்ஸ்ட்ராஸே 160இல் பிடபிள்யூசி நிறுவனத்தின் சூரிச் அலுவலகம். 'பிக் ஃபோர்' எனப்படும் நான்கு பெரிய ஆலோசனை நிறுவனங்களில் ஓர்லிகோனில் இருப்பது இதுதான். மற்றவை நகரின் வேறு பக்கங்களில். இங்கே வரி அலுவலகத்திலிருந்து போகிறவருக்குக் காத்திருப்பது வேலை நாளின் வேறு வடிவம். அரச அலுவலகத்தில் கோப்பு முடிந்தால் முடிந்தது. ஆலோசனை நிறுவனத்தில் ஒவ்வொரு கால்மணி நேரமும் எந்த வாடிக்கையாளர் கணக்கில் போகிறது என்று பதிய வேண்டும். வசந்த காலத்தில் நெருக்கடி மாதங்கள். சில ஆண்டுகளில் வாடிக்கையாளரைக் கொண்டுவரவும் எதிர்பார்ப்பார்கள். சம்பளம் உயரும், மணி நேரமும் உயரும். ஆங்கிலம் இல்லாமல் பன்னாட்டுப் பிரிவில் நகர முடியாது. ஐந்தாண்டு அங்கே தாக்குப்பிடித்தவர் அதன்பின் எங்கும் போகலாம் என்பது இத்துறையில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம்.

அஃபோல்டர்ன்ஸ்ட்ராஸே 44இல் ஏபிபி குழுமத்தின் தலைமையகம். இப்படிப்பட்ட பன்னாட்டுக் கம்பனிகளின் வரிப் பிரிவுகளுக்கு 2023 ஜூன் 18இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பு புதிய வேலையைக் கொண்டுவந்தது. உலக வருமானம் 75 கோடி யூரோவைத் தாண்டும் குழுமங்களுக்குக் குறைந்தபட்சம் 15 விழுக்காடு வரி என்ற உலக ஏற்பாட்டை வாக்காளர்களில் 78.5 விழுக்காட்டினர் ஏற்றார்கள். 2024 ஜனவரி முதல் கூடுதல் வரி நடைமுறைக்கு வந்தது. இதற்கான கணக்கைப் போட கம்பனிகளுக்கும் ஆள் வேண்டும், சரிபார்க்க மாநில அலுவலகங்களுக்கும் ஆள் வேண்டும். இன்று மாநில அலுவலகத்தில் அந்தக் கோப்புகளைத் தொடும் இளம் ஊழியர் தன்னைவிடப் பத்தாண்டு மூத்தவரிடம் இல்லாத அறிவைச் சேர்க்கிறார். உள்ளே இடமாற்றம் கேட்க வேண்டுமானால் இந்தப் பிரிவுக்குக் கேட்பது புத்திசாலித்தனம்.

ஊரின் பெயரைச் சுமக்கும் ஓர்லிகோன் குழுமம் இன்று இங்கே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதன் தலைமையகம் ஷ்வீட்ஸ் மாநிலத்தின் ஃபெஃபிகோனில், சூரிச்சைவிட வரி குறைந்த பகுதியில். மாநிலத்துக்கு மாநிலம், கெமைண்டேக்குக் கெமைண்டே மாறும் இந்த விகித வேறுபாடுதான் சுவிஸில் வரி ஆலோசனை என்ற தொழிலையே வாழ வைக்கிறது.

அதிகம் பேசப்படாத வாசல்கள்

பெரிய நிறுவனங்களைப் பற்றிப் பேசும்போது சம்பளப் பிரிவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 'சி' எனப்படும் நிரந்தர வதிவிட அனுமதி இல்லாத வெளிநாட்டு ஊழியரின் வருமான வரியை வேலைகொடுப்பவரே சம்பளத்தில் பிடித்துக் கட்ட வேண்டும். தனியாளுக்கு 'ஏ', ஒருவர் உழைக்கும் தம்பதிக்கு 'பி', இருவரும் உழைத்தால் 'சி', பிள்ளையைத் தனியே வளர்ப்பவருக்கு 'ஹெச்' என்று அட்டவணை. 2021இல் நாடு முழுவதற்கும் விதிகள் திருத்தப்பட்டன: ஆண்டுச் சம்பளம் 1,20,000 பிராங்கை எட்டினால் பிறகு முழுமையான வரிப்படிவம் கட்டாயம், அதற்குக் கீழே உள்ளவர் விரும்பினால் அடுத்த ஆண்டு மார்ச் 31க்குள் கேட்க வேண்டும். வெளிநாட்டவரை அதிகம் வேலைக்கு வைக்கும் கம்பனிகளில் இந்த விதிகள் தெரிந்த ஆள் மனிதவளப் பிரிவுக்குத் தவிர்க்க முடியாதவர். பட்டயம் முடிக்காத ஒருவர் வரி அலுவலகத்திலிருந்து நேரடியாகப் போகக்கூடிய மிகச் சில நல்ல வேலைகளில் இது ஒன்று.

வங்கிகள் இன்னொரு பக்கம். 2014இல் நடைமுறைக்கு வந்த, அமெரிக்கரின் வங்கிக் கணக்குகள் பற்றி அமெரிக்காவுடன் செய்த உடன்பாடும், 2017இல் நடைமுறைக்கு வந்து 2018இல் முதல் பரிமாற்றம் நடந்த தானியங்கித் தகவல் பரிமாற்றமும் வங்கிகளுக்குள் வரி இணக்கப் பிரிவுகளை வளர்த்தன. 2023இல் கிரெடிட் சுவிஸை யுபிஎஸ் வாங்கிய பிறகு அந்தச் சந்தையில் அனுபவம் மிக்க ஆட்கள் நிறையப் பேர் வேலை தேடுகிறார்கள். வங்கியை மட்டும் நம்பி ராஜினாமா எழுதுவதற்கு இது காலமில்லை.

மென்பொருள் பக்கம் போனவர்களும் உண்டு. சென் காலனின் அப்ராக்ஸாஸ் போன்ற நிறுவனங்கள் அரச வரி அலுவலகங்களுக்கான முறைமைகளைத் தருகின்றன. 'டாக்டர் டாக்ஸ்' என்ற படிவ மென்பொருள் சுவிஸ் ட்ரொய்ஹாண்ட் அலுவலகங்களில் பரவலானது. நிரலாளருக்கும் வரி ஆணையருக்கும் நடுவில் நின்று இருவர் மொழியும் பேசத் தெரிந்த ஆள் அரிது. அந்த இடைவெளியின் விலையை நாடே கட்டியிருக்கிறது: கூட்டாட்சி வரி நிர்வாகத்தின் 'இன்சிமே' கணினித் திட்டம் 10 கோடி பிராங்குக்கு மேல் விழுங்கிய பின் 2012இல் கைவிடப்பட்டது.

சட்டம் படித்தவர்களுக்கு மாநிலத்தின் வரி மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது. எழுத்தராகத் தொடங்கி, முன்பு தான் எழுதியது போன்ற முடிவுகளைத் தராசின் மறுதட்டிலிருந்து பார்க்கும் வேலை. அரசுக்குள்ளேயே ஏறும் பாதையையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. சூரிச் மாநில வரி அலுவலகத்தின் தலைவராக இருந்த அட்ரியன் ஹுக் 2013இல் பேர்னில் கூட்டாட்சி வரி நிர்வாகத்தின் இயக்குநரானார். ஆல்ட்ஸ்டெட்டனிலிருந்து பேர்னுக்குப் போகும் ரயிலும் வெளியேறும் வழிகளில் ஒன்றுதான்.

வாயைக் கட்டும் சட்டம்

வெளியே போகிறவர் கொண்டுபோகக் கூடாதது ஒன்றுண்டு. அலுவலக இரகசியத்தை மீறுவது சுவிஸ் தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. வேலையை விட்ட பிறகும் அந்தப் பிரிவு பொருந்தும் என்று அதே பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. நேரடிக் கூட்டாட்சி வரிச் சட்டத்தின் 110ஆம் பிரிவு இதற்கு மேலே தனியாக வரி இரகசியத்தையும் கட்டாயமாக்குகிறது. பத்தாண்டு கழித்துக் கலியாண வீட்டுப் பந்தியில் "அவற்ற கடைக் கணக்கு எனக்குத் தெரியும்" என்று சொல்வதும் இதற்குள் அடங்கும்.

நேர்முகத் தேர்வில் இது நுட்பமாக வரும். "மாநில அலுவலகம் இந்த மாதிரிக் கோரிக்கையை எப்படிப் பார்க்கும்?" என்று கேட்டால், வெளியான சுற்றறிக்கைகளையும் தீர்ப்புகளையும் வைத்துப் பதில் சொல்லலாம். "எங்கள் போட்டிக் கம்பனிக்கு என்ன கொடுத்தார்கள்?" என்பது வேறு கேள்வி, அதற்குப் பதில் சொல்லாமல் சிரித்துக் கடக்கும் விண்ணப்பதாரரைத்தான் நல்ல நிறுவனம் தேர்ந்தெடுக்கும். புதிய வேலையில் சேர்ந்ததும், தான் முன்பு முடிவெடுத்த கோப்புகளின் வாடிக்கையாளர்களிடமிருந்து விலகி இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டுப் பெறுவதும் நல்லது.

இரகசியம் கசிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவுஸ்திரேலியா உதாரணம். அரசாங்கத்தின் வரிச் சட்டத் தயாரிப்பு ஆலோசனைகளில் கிடைத்த இரகசியத் தகவல் பிடபிள்யூசியின் அவுஸ்திரேலியக் கிளைக்குள் வாடிக்கையாளர் தேடப் பயன்பட்டது 2023இல் அம்பலமானது. அந்தக் கிளை தன் அரச ஆலோசனைப் பிரிவை ஒரே ஒரு டொலருக்கு விற்க நேர்ந்தது. ஆலோசனைத் துறை முழுவதுமே அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, அரசிலிருந்து வருபவரிடம் இரகசியக் காப்பைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கிறது.

தமிழர் தேடும் ஆலோசகர்

சொந்தமாக ட்ரொய்ஹாண்ட் அலுவலகம் திறக்கும் கனவு தமிழ் ஊழியர் பலரிடம் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ உள்ள வீடு, காணியைச் சுவிஸ் படிவத்தில் காட்ட வேண்டும் என்பது பலருக்குப் பிந்தித்தான் தெரியவருகிறது. வெளிநாட்டு அசையாச் சொத்துக்கு இங்கே வரி விதிக்க மாட்டார்கள். விகிதத்தைத் தீர்மானிக்க மட்டும் அதைக் கணக்கில் எடுப்பார்கள். இதைத் தமிழில் பொறுமையாக விளக்கும் ஒருவர் இல்லாததால்தான் பயமும் மறைப்பும். 2010 முதல் வாழ்நாளில் ஒரு தடவை, தானாக முன்வந்து சொல்பவருக்குத் தண்டனை இல்லை என்ற ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. பத்தாண்டு வரையிலான பின்வரியும் வட்டியும் கட்டினால் போதும். ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணத்தைக் கழிக்க ஆதாரம் வேண்டும், வங்கிப் பதிவு வேண்டும். கையில் கொடுத்துவிட்டதாகச் சொல்வது எடுபடாது. கோயில்களும் ஊர்ச்சங்கங்களும் 'ஃபெரைன்' எனப்படும் சங்கமாக இயங்குகின்றன; பொதுநல, வழிபாட்டு நோக்கத்துக்கான வரிவிலக்கு விண்ணப்பங்களும் ஆண்டுக் கணக்குகளும் அவற்றுக்குத் தேவை.

சந்தை இருக்கிறது, பொறியும் இருக்கிறது. தெரிந்தவர், உறவினர் என்று வருபவர்கள் கட்டணம் என்றதும் முகம் சுளிப்பார்கள். முதல் நாளே விலைப்பட்டியலைச் சுவரில் ஒட்டாத அலுவலகம் இரண்டாவது வரிப் பருவத்தைத் தாண்டுவது கடினம். தமிழ் வாடிக்கையாளரோடு நிற்காமல் போர்த்துக்கேய, அல்பானியச் சிறுகடைக்காரரையும் ஓர்லிகோன் சந்தைச் சதுக்கத்து உணவகக்காரரையும் சேர்ப்பவர் நிலைப்பார்.

சட்டப்படி செய்ய வேண்டியவை சில. சுயதொழில் நிலையை ஏற்றுக்கொள்வது எஸ்.வி.ஏ. சூரிச் எனப்படும் சமூகக் காப்புறுதி அலுவலகம். ஒரே வாடிக்கையாளரை நம்பி இயங்கினால் சுயதொழிலாக ஏற்க மறுக்கலாம். விற்றுமுதல் ஒரு இலட்சம் பிராங்கை எட்டும்போது மதிப்புக்கூட்டு வரிப் பதிவும் வணிகப் பதிவேடும் வரும். வாடிக்கையாளரின் பணத்தைத் தன் கையால் நிர்வகிக்கத் தொடங்கினால் பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் சுயஒழுங்கு அமைப்பொன்றில் சேர வேண்டியிருக்கும். தொழிற்பொறுப்புக் காப்புறுதியைத் தள்ளிப்போடக் கூடாது: ஒரு கால எல்லையைத் தவறவிட்டதற்கான நட்டஈடு ஒரு வருட வருமானத்தையே தின்னலாம்.

ராஜினாமாவுக்கு முன்னான கணக்கு

மாநில ஊழியரின் ஓய்வூதியச் சேமிப்பு பெரும்பாலும் பி.வி.கே. நிதியிலும், கூட்டாட்சி ஊழியருடையது பப்ளிக்காவிலும் இருக்கும். வேலை மாறினால் சேர்ந்த தொகை புதிய வேலைகொடுப்பவரின் நிதிக்குப் போகும். இரண்டு நிதிகளின் சான்றிதழ்களையும் அருகருகே வைத்து, வேலைகொடுப்பவரின் பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மாதச் சம்பளத்தில் கூடுவதாகத் தெரிவது இங்கே குறையக்கூடும். சுயதொழில் தொடங்குபவர் முதல் வருடத்துக்குள் அந்தப் பணத்தை ரொக்கமாக எடுக்கலாம். மணமானவர் என்றால் துணையின் எழுத்துச் சம்மதம் வேண்டும். எடுக்கலாம் என்பதற்காக எடுத்துவிட்டு, அறுபத்தைந்தில் கையைப் பிசைபவர்கள் உண்டு.

அடுத்த வேலை கையில் இல்லாமல் தானாக விட்டால், வேலையில்லாக் காப்புறுதி தண்டநாட்கள் விதிக்கும். உச்சம் 60 நாட்கள். சுயதொழிலாளருக்கு அந்தக் காப்புறுதியே கிடையாது.

வேலைச் சான்றை இடையிலேயே கேட்டு வாங்கலாம். மேலதிகாரி மாறும் சமயம் அதற்கு இயல்பான தருணம், சந்தேகமும் வராது. அதில் கோப்புகளின் எண்ணிக்கையைவிட வகை எழுதப்பட வேண்டும்: சுயதொழில், கம்பனி, காணி இலாபம், முன்விளக்கக் கோரிக்கை என்று. சுவிஸ் சான்றுகளில் பாராட்டுச் சொற்களின் படிநிலை எழுதாத விதிப்படி வாசிக்கப்படும் என்பதால், கையெழுத்தாகும் முன் வரைவைக் காட்டச் சொல்லி, துறை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிப்பது நல்லது.

காலத்தைப் பின்வருமாறு பங்கிடலாம். முதல் ஆண்டில் பிட்ஸ் ஓர்லிகோனில் ஒரு சந்திப்பு, பட்டயத்தின் அனுமதி நிபந்தனைகளைப் பரீட்சை அமைப்பிடம் எழுத்தில் உறுதிப்படுத்தல். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் வகுப்பு. கூடவே கம்பனி வரி அல்லது புதிய குறைந்தபட்ச வரிப் பிரிவுக்கு இடமாற்றம். பரீட்சை முடிந்ததும் கூட்டாட்சிப் பங்குக்கு விண்ணப்பம், இடைக்காலச் சான்று, பின் வேலை தேடல். ஒப்பந்தத்திலுள்ள முன்னறிவிப்புக் காலத்தையும் வரிப் பருவத்தையும் பார்த்துக் கடிதம் கொடுக்கும் நாளைத் தீர்மானிக்கலாம். ஆலோசனை நிறுவனங்களில் நெருக்கடிக் காலத்துக்கு முன்பு சேர்பவர் விரைவாகக் கற்பார். நடுவில் சேர்பவருக்குக் கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரம் இராது.

வேறு திசையில் போனவர்கள்

வரித் தொழிலையே விட்டு விலகியவர்களும் இருக்கிறார்கள். 1995இல் இந்திய வருவாய்ச் சேவையில் சேர்ந்த அர்விந்த் கெஜ்ரிவால் 2006இல் வருமான வரித் துறையின் இணை ஆணையர் பதவியைத் துறந்து, பின்னர் டெல்லியின் முதலமைச்சரானார். பாரிஸ் நகர எல்லையில் நுழைவரி வசூலித்த ஆன்றி ரூஸோ 1893இல், நாற்பத்தொன்பதாவது வயதில், முழுநேரம் ஓவியம் வரையவென்று வேலையை விட்டார். அவர் வரைந்த, பியேர் லொத்தி எனக் கருதப்படுபவரின் உருவப்படம் இன்று சூரிச் கலைக்கூடமான குன்ஸ்ட்ஹவுஸில் இருக்கிறது. அவருக்குக் கிடைத்த சிறு ஓய்வூதியம் போதாமல் வயலின் கற்பித்தும் பிழைத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

போனவர் திரும்பவும் வரலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஆலோசனை நிறுவனத்தில் சில ஆண்டு இருந்துவிட்டு, பிள்ளை பிறந்ததும் 60 அல்லது 80 விழுக்காட்டு வேலை நேரம் தேடி அரச அலுவலகத்துக்கு மீள்பவர்கள் உண்டு. மறுபக்கம் பார்த்து வந்தவர்களை வரி அலுவலகமும் விரும்புகிறது. கம்பனிகளின் கணக்கை உள்ளிருந்து தெரிந்தவர் அங்கே பயிற்சியில்லாமலே பயன்படுவார். அதற்கு ஒரே நிபந்தனை, போகும்போது நல்லபடியாகப் போயிருப்பது: ஒப்படைக்கும் கோப்புகளுக்குக் குறிப்பு எழுதி, மேலதிகாரியைச் சான்றாளராகக் குறிப்பிட அனுமதி வாங்கி, நுழைவு அட்டையையும் கணினியையும் கடைசி நாளன்றே திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் பெறுவது. அடுத்த அத்தியாயம் அந்தக் கடைசி மாதத்துக்கான காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது.